பெஞ்சில் உட்கார்ந்தவரின் முகம்

இந்தக் கதையின் தொடக்கத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பேச்சிமுத்து மேஸ்திரி போனில் சொன்னதுதான். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவருக்கு உண்டு. ஆகவே இதில் நடந்தது எவ்வளவு, அவர் சேர்த்தது எவ்வளவு என்று அன்று எனக்குத் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குப் போகிற வழியில், வீட்டுக்காரர்கள் ஜெயசிங் அண்ணனும் ஹெப்சிபா அக்காவும் முடியப்போகும் தங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்களாம். சாப்பாட்டு அறையில் நான் வரைந்த கடப்பாக்கல் பெஞ்சில் ஒருவரும் மேசைக்கு எதிர்ப்பக்கம் ஒருவருமாக உட்கார்ந்தார்களாம். "மூணு தடவ எடம் மாறி மாறி உக்காந்தாவ, யம்மா. பெறவு விறுவிறுன்னு வெளிய போயி, வெயில்ல நின்னுக்கிட்டு, ரெண்டு பேரும் கைய வீசி வீசி ஒரே சண்டை. வீடு பிடிக்கல போல" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இவ்வளவு பெரிய சண்டையைச் சத்தமே இல்லாமல் அவர் பார்த்ததில்லையாம். அவர்கள் இருவருக்கும் காது கேட்காது.

இன்று சனிக்கிழமை, காலை ஏழு முப்பத்தைந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டேகாலுக்கு அவர்கள் வருவார்கள். நான்தான் வரச் சொல்லிச் செய்தி அனுப்பினேன், எதற்கென்று எழுதவில்லை, எழுதத் தெரியவில்லை. கல் இன்னும் இரவுக் குளிர்ச்சியோடு இருக்கிறது. எனக்குப் பின்னால் கிழக்குச் சுவர் முழுக்கச் சுட்டமண் ஜாலி, காற்றும் வெயிலும் நுழையும் துளைத் தடுப்பு, ஒரு வரிசைக்கு இருபத்திரண்டு துளை, பதினான்கு வரிசை, முந்நூற்றெட்டுத் துளைகள். ஒவ்வொன்றையும் நான் வரைந்திருக்கிறேன், கணினியில் ஒன்றை வரைந்து நகலெடுத்தாலும் வரைந்ததுதான். எதிரே பத்தடி தள்ளி, பூசாத மண்கல் சுவர், இந்த மனையிலேயே தோண்டிய மண்ணை அழுத்திச் செய்த கல், வேகவைத்த சேனைக்கிழங்கின் நிறம். இரண்டும் என் யோசனை. கட்டடக்கலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பதினோராவது மாதம் எங்கள் சார் ஒரு வீட்டின் ஓர் அறையை என்னிடம் விட்டது இதுதான் முதல் தடவை. வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, யார் சொன்னாலும் இந்த ஜாலியை மட்டும் விட்டுடாதே என்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை புகைப்படக்காரர் வருகிறார். வீடு பிடிக்கல போல. பக்கத்து மனையின் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி வெயில் இப்போதுதான் முதல் வரிசைத் துளைக்குள் நுழைகிறது. பிடிக்கல போல. முதுகில் சின்னச் சின்னதாகச் சூடு, யாரோ விரல் நுனியால் தொடுவது போல. இந்தச் சூடு பிடிக்காமல் எப்படிப் போகும், இந்த வெளிச்சம் யாருக்குப் பிடிக்காமல் போகும், என்று கேட்டுக்கொண்டே, பதில் தெரிந்தவள் போலவும் உட்கார்ந்திருக்கிறேன். வியாழக்கிழமை மேஸ்திரி போனை வைத்த நிமிடத்திலிருந்து பதில் எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்ததைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதல் சந்திப்பு சாரின் அலுவலகத்தில். ஜெயசிங் அண்ணனுக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்து காது போனது, கொஞ்சம் பேசுவார், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஹெப்சிபா அக்கா பிறவியிலிருந்தே. இருவரும் பாளையங்கோட்டையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர் பல் கட்டும் கூடத்தில் வேலை செய்கிறார், மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துச் செயற்கைப் பல் செய்வது, பக்கத்துப் பல்லோடு நிறம் பொருந்தும்படி. ஊரில் எல்லோர் வாயையும் நான் இரண்டு தடவை பார்க்கணும், ஒண்ணு பேச்சுக்கு, ஒண்ணு வேலைக்கு என்று அவரே சொல்லிச் சிரித்தார். நான் சிரித்தபோது கையால் வாயை மூடிக்கொண்டேன். பேசும்போதும் மூடிக்கொள்வேன். கல்லூரியில் முதல் வருஷம், சுவரில் வரைபடத்தை ஒட்டிவிட்டு ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னபோது வந்த பழக்கம். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள், வீட்டில் முதல் பட்டம், வாயிலிருந்து எது தவறாக வரும் என்று தெரியாததால் கை தானாகவே அங்கே காவலுக்குப் போய் நின்றது. முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதும் ஒரு காரணம், அதை மறைத்துச் சொன்னால் பொய். அன்று ஹெப்சிபா அக்கா மேசைக்கு மேலாக எட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கி வைத்தார். கோபமாக இல்லை, கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைப்பது போல. நான் பேச ஆரம்பித்ததும் கை மறுபடி மேலே போனது. அவர் மறுபடி இறக்கினார். பிறகு கணவரைப் பார்த்துத் தன் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து எடுத்தார். அது என் பெயர் என்றார் அண்ணன். அவர்கள் மொழியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைப்பார்களாம். இசக்கியம்மாள் என்று எழுதிக் காட்டுவதைவிட இது சீக்கிரம். எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தில் மறுபடி வாயை மூடினேன், மூன்று பேரும் சிரித்தோம்.

அந்தச் சந்திப்பின் குறிப்பேடு இப்போது மடியில் இருக்கிறது. என் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது, அதுதான் தாங்கவில்லை. அழைப்பு மணிக்குப் பதில் எல்லா அறையிலும் மின்னும் விளக்கு: போட்டாயிற்று. சமையலறையிலிருந்து கூடத்தைப் பார்க்கச் சுவரில் திறப்பு: போட்டாயிற்று. மாடிப்படி இரண்டு பேர் கையால் பேசியபடி பக்கத்தில் பக்கத்தில் ஏறும் அகலம்: போட்டாயிற்று, சார்கூட அதைப் பாராட்டினார். கடைசி வரி ஹெப்சிபா அக்கா தன் கையாலேயே எழுதியது. எங்களுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அதற்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கோடு போட்டபோது என்ன நினைத்தேன் என்று இப்போது நினைவுபடுத்திப் பார்க்கிறேன். சந்தோஷப்பட்டேன், அதுதான் நினைவிருக்கிறது. கடைசியில் ஒருவர் வெளிச்சம் கேட்கிறார், கார் நிறுத்துமிடமும் மாடுலர் கிச்சனும் கேட்காமல் வெளிச்சம் கேட்கிறார் என்று. நாங்கள் ஐந்து வருஷம் படித்த வெளிச்சம் சுவரில் விழுகிற வெளிச்சம். தரையில் நகர்கிற, சொரசொரப்பைக் காட்டுகிற, புகைப்படத்தில் வருகிற வெளிச்சம். அவர் கேட்டது எது என்று நான் கேட்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி, எங்கே விழவேண்டும் என்று. எழுதிக் கேட்டிருந்தால்கூட அரை நிமிடம்.

ஏழு ஐம்பத்திரண்டு. சரி, பார்த்துவிடுவோம். போனை மேசையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய், சாப்பிட உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு மூன்று மண்கல்லை அடுக்கி அதன்மேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓடவிட்டு, திரும்பிவந்து பெஞ்சில் உட்கார்ந்து பேசுகிறேன். என்ன பேசுவது. என் பெயர் இசக்கியம்மாள், இன்று சனிக்கிழமை, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டேன், சாம்பாரில் உப்பு இல்லை. காலி வீட்டில் என் குரல் கொஞ்சம் எதிரொலித்துத் திரும்பி வருகிறது, அறை நல்ல அளவு என்று அந்த நேரத்திலும் தோன்றுகிறது. போனை எடுத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஓடவிட்டுப் பார்க்கிறேன். முந்நூற்றெட்டுத் துளைகளும் எரிகின்றன. அவற்றுக்கு நடுவில் தலை வடிவத்தில் கறுப்பாக ஒன்று. கண் இல்லை, மூக்கு இல்லை, உதடு அசைகிறதா என்பதே தெரியவில்லை. நடுவில் ஒரு இடத்தில் கறுப்பின் ஓரம் கொஞ்சம் மாறுகிறது, அது என் கை, வாயை மூட மேலே போன கை, ஆள் இல்லாத வீட்டிலும் போயிருக்கிறது. இந்த உருவத்தை எங்கோ பார்த்திருக்கிறேன். என் வரைபடத்தில்தான். அளவு தெரிவதற்காக மனித உருவம் ஒட்டுவோம், சாம்பல் நிறத்தில், முகம் இல்லாமல், எல்லோரும் அப்படித்தான் ஒட்டுவார்கள். முகம் வரைந்தால் கண் கட்டடத்தை விட்டு முகத்துக்குப் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெஞ்சில் ஒன்றும் எதிரே ஒன்றுமாக ஒட்டியிருந்தேன். அப்படியே கட்டிவிட்டேன். காலைச் சாப்பாட்டு நேரத்தில் இந்த பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் அவர் சொல்வது எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. கேட்காது என்ற சொல்லை நான்தான் போடுகிறேன், வேறு என்ன சொல்வது. ஒரு நாளில் அவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் அதுதான் என்றும் குறிப்பேட்டில் இருக்கிறது. அண்ணன் ஒன்பதுக்குப் போனால் இரவு எட்டு.

யாரிடமும் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும். இப்படி யோசித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். ஜாலிக்கு உள்பக்கம் ஒரு திரை போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டைக் கொடுக்கும்போது சாதாரணமாகச் சொல்லலாம், எல்லோரும் திரை போடுகிறவர்கள்தான். மேசைக்கு மேல் விளக்கு ஒன்று தொங்கவிடலாம். காலை எட்டு மணிக்கு, கிழக்கே முந்நூற்றெட்டுத் துளை திறந்துவிட்டு, விளக்கு. சாருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார். திட்டமாட்டார், அதுதான் பயம், அடுத்த வீட்டில் எனக்குப் படிக்கட்டுக் கைப்பிடி மட்டும் கொடுப்பார். சார் பார்த்தும்தானே கண்டுபிடிக்கவில்லை என்று ஒரு மனசு சொல்கிறது, அந்த மனசை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் அது சொல்வது தப்பில்லை, ஆனாலும் குறிப்பேடு என்னிடம்தான் இருந்தது. கட்டிய சுவரை இடித்தால் மேஸ்திரி ஆறு மாதம் அதைச் சொல்லிக் காட்டுவார். இடிக்காவிட்டால் அவர்கள் இருபது வருஷம் அதோடு இருக்கவேண்டும். அம்மாவுக்கு இந்த அறையின் படத்தை அனுப்பியபோது நேரே போன் வந்தது. "என்னட்டி, இன்னும் பூசவே இல்ல, அதுக்குள்ள போட்டோ எடுத்திருக்க?" இதுதான் முடிந்த சுவர், பூசமாட்டோம், பொருளை அதன் நேர்மையோடு விடுவது என்று நான் விளக்கினேன். நேர்மை என்ற சொல்லை அம்மா கொஞ்ச நேரம் வாயில் வைத்துப் பார்த்திருப்பாள். "மண்ணுச் செவுத்துல இருந்து வெளிய வரத்தாம்ட்டி ஒன்னய படிக்க வச்சோம். வெள்ளையாவது அடிக்கச் சொல்லு, மூஞ்சி தெரியாண்டாமா" என்றாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அலுவலகத்தில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவும் வைத்தேன். மூஞ்சி தெரிய வேண்டாமா. எட்டு ஆறு. எதிர்ச்சுவரின் கீழ்ப்பாதியில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது, விழுந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது, சுவர் அதில் ஒரு துளியைக்கூடத் திருப்பித் தரவில்லை. கறுப்பு மேசையும் தரவில்லை. பார்க்கிறேன், பார்த்துக்கொண்டே இருக்கிறேன், ஏதோ ஒன்று நாக்கு நுனியில் நிற்பது போல இருக்கிறது, அதற்குள் வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது.

பேசினால் கை வாய்க்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதிக் காட்டிவிடலாம் என்று ஒரு பெரிய தாளைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தேன், பழைய வரைபடம், பின்பக்கம் வெள்ளை. ஹெப்சிபா அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து எடுத்தார், வணக்கம் சொல்வது போல என் பெயரைச் சொன்னார். இருவர் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இல்லாததை நான் நம்பவில்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்தார், அண்ணன் எதிரே. நான் மேசையின் தலைமாட்டில் நின்றேன். அக்கா ஏதோ சைகை செய்தார், அண்ணன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணைச் சுருக்கினார், கை வடிவம் புரிந்திருக்கும், முகம் கிடைத்திருக்காது. அவர்கள் மொழியில் கேள்வியா, கேலியா என்பதைப் புருவம்தான் சொல்லும் என்று அண்ணன் முன்பே எழுதிக் காட்டியிருக்கிறார். அவர் எழுந்து இடம் மாறப் போனார். மாறாதீர்கள், ஒரு நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டு அவசரமாகத் தாளை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் மண்கல் துண்டை வைத்து, எழுதுகோலைத் திறந்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் நிமிர்ந்தபோது ஹெப்சிபா அக்காவின் முகம் அங்கே இருந்தது.

முழு முகம். தாடையின் அடியிலிருந்து வெளிச்சம் ஏறி, உதடு, மூக்குத்தி இல்லாத மூக்கு, இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு, எல்லாம். ஜாலியின் வெயில் வெள்ளைத் தாளில் விழுந்து அங்கிருந்து அவர் முகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை, அவர் பாட்டுக்கு ஏதோ சொன்னார், எதிரே அண்ணன் உடனே பதில் சொன்னார். சொல்லிவிட்டு நிறுத்தினார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கல்துண்டுகளை எடுத்துத் தாளைத் தூக்கினேன். முகம் போனது. விரித்தேன், வந்தது. தூக்கினேன். அண்ணன் சிரித்துவிட்டார். அவருக்குத் தினமும் பல்லின் நிறம் பார்க்கிற கண், எனக்கு முன்னால் புரிந்துகொண்டார், எழுந்து போய் எதிர்ச்சுவரின் மண்கல்லில் உள்ளங்கையை வைத்து, சுண்ணாம்பு பூசுவது போல மேலிருந்து கீழே இழுத்துக் காட்டினார். மூஞ்சி தெரியாண்டாமா.

அப்போது எழுதிக் காட்டியிருக்கலாம், தாள் முன்னாலேயே இருந்தது. ஆனால் எழுதினால் தாள் கறுக்கும் என்று ஒரு அசட்டு எண்ணம் வந்தது, அதைவிட உண்மையான காரணம், ஹெப்சிபா அக்கா நகர்ந்து பெஞ்சில் தன் பக்கத்தைத் தட்டினார். உட்கார்ந்தேன். முதுகில் வெயில், முகத்தில் தாள் வெளிச்சம், எங்கேயும் ஒளிய இடமில்லை. கை மேலே கிளம்பியது. அக்கா அதைப் பார்க்காமலே பிடித்து மேசையில் வைத்து அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, இது என் தப்பு" என்றேன். "அக்கா வெளிச்சம் வேணும்னு எழுதுனாங்க. எதுக்குன்னு நான் கேக்கல."

ஒருமுறைதான் சொன்னேன். அவர் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சொல்லி முடித்தபின்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருடைய ஏற்ற இறக்கமில்லாத குரலில் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பல்லையா இத்தனை நாள் மூடி வச்சீங்க? ஏ-டூ, எங்க அட்டவணையில நல்ல இயற்கை நிறம். நாங்க இதைச் செய்யத்தான் ராவா பகலா கஷ்டப்படறோம்."

ஏறியிருக்கிற பல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்திருக்காமல் இருக்கமாட்டார். அக்கா என்ன என்று கேட்க, அவர் சைகையில் திருப்பிச் சொல்ல, அக்கா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், கடையில் சரக்கைப் பார்த்து ஒத்துக்கொள்வது போல. எனக்குச் சிரிப்பு வந்தது, கை அவர் கைக்கு அடியில் இருந்தது, அதனால் அப்படியே சிரித்தேன்.

சாருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன். சத்தமில்லாத அந்த வீடியோவையும், தாளோடு எடுத்த இன்னொன்றையும் இணைத்து, தப்பு என்னுடையது என்று முதல் வரியிலேயே எழுதி. ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: போட்டோ முடியட்டும், செவ்வாய்க்கிழமை பூசலாம். அதற்கு ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று: நானும் கேட்டிருக்கணும். சாருக்குப் பிடித்த அந்தப் பூசாத மண்கல் சுவரின் புகைப்படம் எங்கள் அலுவலக நடையில் இருக்கிறது, நல்ல படம்தான். செவ்வாய்க்கிழமை பேச்சிமுத்து மேஸ்திரி, இதத்தான நான் மொதல்லயே சொன்னேன் என்று சொல்லாததைச் சொன்னபடி, கடுக்காய்த் தண்ணீர் கலந்த சுண்ணாம்பை எதிர்ச்சுவரில் இரண்டு பூச்சு இழுத்தார். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு என்றாள். மேசைக்கு மட்டும் காலையில் ஒரு வெள்ளைத் துணி விரிக்கவேண்டும், அதை நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன், விரித்துக்கொள்கிறோம் என்றார்கள்.

அவர்கள் குடிவந்து ஒரு மாதம் கழித்துப் போயிருந்தபோது, மேஸ்திரி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஹெப்சிபா அக்கா போனில் தட்டச்சு செய்து காட்டினார்: இடம் மாறியது மூன்று தடவை இல்லை, நான்கு. வெளியே போனது உண்மை. சண்டை இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து உங்கள் அண்ணன் ஒரு ஜோக் சொன்னார், முகம் இருட்டு, கடைசி வரி எனக்குத் தெரியவில்லை, வெயிலுக்குக் கூட்டிப்போய் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைத்தேன். அவ்வளவு நல்ல ஜோக் இல்லை.